நீள்கொம்பு வண்டுகளும் கஹானின் பாகுபாடும்

ஓர் உயிருக்குப் பெயரிடுதல் வேறு. அதன் உறவறிந்து வகுத்தல் வேறு. பெயரிடுதற்குக் கண்ணிற்பட்ட ஓர் அடையாளமே போதும். வகுத்தற்கோ எந்த அடையாளம் உறவை உணர்த்தும், எது உணர்த்தாது என்று தெளியும் ஆற்றல் வேண்டும். இவ்வேறுபாட்டை விளக்குதற்கு நீள்கொம்பு வண்டுகளினும் சிறந்த எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது. பல இனங்களில் உணர்கொம்பு உடலினும் நீண்டிருத்தலின் இவற்றுக்கு இப்பெயர் வந்தது. ஆயினும் இக்குடும்பத்திற் குறுங்கொம்புடையனவும் உள. ஓரினத்துள்ளேயே ஆணின் கொம்பு நீண்டும் பெண்ணின் கொம்பு குறுகியும் இருத்தல் பெருவழக்கு. எனவே பெயருக்குக் காரணமான உறுப்புப் பாகுபாட்டுக்குப் போதாததாயிற்று.

ஓர் அளவுகோலை மட்டுங் கொண்டு வகுப்பதன் பயனையும் எல்லையையும் தமிழ் கற்றோர் அறிவர். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் தொகை பற்றி ஆறாக வகுத்து, நண்டையும் தும்பியையும் நாலறிவுயிர்களுள் ஒருங்கு வைத்தது. புலனறிவை நோக்குமிடத்து அது செம்மையான முறை. உடலமைப்பின் உறவை ஆராய்தல் அதன் கருத்தன்று. உறவை ஆராயப் புகுந்த பூச்சியியலார் பல உறுப்புக்களை ஒருங்கு நோக்க வேண்டியவராயினர். 1758இல் லின்னேயஸ் ‘செரம்பிக்ஸ்’ என்னுஞ் சாதியை நிறுவியபின், அதனை முதலாகக் கொண்டு ‘செரம்பிசிடே’ என்னுங் குடும்பம் வகுக்கப்பட்டது. இன்று அதனுள் 35,000க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன.

இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் நீள்கொம்பு வண்டுகளை முறைப்பட ஆராய்ந்த பெருநூல் 1906இல் இலண்டனில் வெளிவந்தது. பிரித்தானிய இந்தியாவின் விலங்கு வளம் பற்றிய நூல்வரிசையில் வண்டுகளுக்குரிய முதலாந் தொகுதி அது. 329 பக்கங் கொண்டது. இதனை எழுதிய சார்ல்ஸ் ஜோசப் கஹான் பிரித்தானிய நூதனசாலையிற் பணியாற்றிய அறிஞர்.

இந்நூலின் தலையாய சிறப்பு, புறத்தோற்றப் பகட்டில் மயங்காமையாகும். நிறமும் புள்ளியும் எளிதில் மாறுபவை. கஹானும் அவர் காலத்து அறிஞரும் அவற்றினும் நிலைபெற்ற உறுப்புக்களை நாடினர். முன்மார்பின் பக்கங்களில் விளிம்புண்டா, முன்கணைக்காலின் உட்புறத்திற் பள்ளமுண்டா, வாயருகிலுள்ள சிற்றுணரியின் இறுதிக்கணு கூரியதா, மொட்டையா என்பன அவர்கள் எழுப்பிய வினாக்கள். இவ்வண்டைக் கையிற் பிடித்தால் ‘கிறீச்’ என ஒலிக்கும். முன்மார்பின் பின்விளிம்பை, நடுமார்பின் மேலுள்ள நுண்வரித் தளத்தில் உரசுதலால் அவ்வொலி எழுகின்றது. சிறுவருக்கு விளையாட்டான இவ்வொலியின் கருவியும் பாகுபாட்டுக்குத் துணையாயிற்று. அத்தளம் சில பிரிவுகளில் நடுக்கோட்டாற் பிளவுற்றும் சிலவற்றிற் பிளவின்றியும் காணப்படும். பிரியோனினே துணைக்குடும்பத்திற் பொதுவாக அது இல்லை. வண்டுகளின் ஒலியுறுப்புக்கள் பற்றி 1900இலேயே கஹான் தனிக்கட்டுரை எழுதியிருந்தமை அவர்தம் புலமையின் ஆழத்தைக் காட்டும்.

எனினும் இந்நூலிற் குறைகளும் உள. முதலாவது, அது முற்றுப்பெறாத பணி. நீள்கொம்பு வண்டினங்களுட் பாதிக்கு மேற்பட்டவற்றைத் தன்னுட் கொண்ட லாமியினே என்னுந் துணைக்குடும்பம் அடுத்த தொகுதிக்கென விடப்பட்டது. அத்தொகுதி வெளிவரவே இல்லை. இதன் விளைவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. மரமுந்திரிகையின் அடியையும் வேரையும் துளைக்கும் புளோசீடரஸ் பெருஜினியஸ் கஹானின் நூலில் இடம்பெற்றுள்ளது. இன்று அதன் சாதிப்பெயர் நியோபுளோசீடரஸ் என மாறியுள்ளது. மாமரத்தைத் துளைக்கும் பற்றோசெரா ரூபோமக்குலாற்றாவோ லாமியினேயைச் சேர்ந்தமையால் அந்நூலில் இல்லை. ஒரே வளவில் நிற்கும் இரு மரங்களுள் ஒன்றின் பகைக்கு நூலுண்டு. மற்றதன் பகைக்கு நூலில்லை.

இரண்டாவது குறை நோக்கைப் பற்றியது. நூலின் விளக்கங்கள் பெரும்பாலும் பேழைகளில் ஊசி குத்தி வைத்த வளர்ந்த வண்டுகளை ஆதாரமாகக் கொண்டவை. தோட்டக்காரன் காண்பதோ மரத்தினுள் வாழும் குடம்பியையே. வண்டு துளையிட்டு வெளிப்படும்போது கேடு முடிந்திருக்கும். அக்குடம்பியும் தன் உறவைச் சொல்லவல்லது: லாமியினேயின் குடம்பிகளுக்குக் கால்கள் இல்லை, பிரியோனினேயின் குடம்பிகளுக்குச் சிறு கால்கள் உண்டு.

பின்வந்தோர் இக்குறைகளைப் பகுதி பகுதியாக நிரப்பினர். 1939இல் பீசனும் பாட்டியாவும் இவ்வண்டுகளின் வாழ்க்கை முறையை ஆராய்ந்து எழுதினர். கீழைநாட்டு இனங்களின் குடம்பிப் பருவம் பற்றி டபி எழுதிய நூலைப் பிரித்தானிய நூதனசாலை 1968இல் வெளியிட்டது. கஹானின் நூலுக்கும் இதற்கும் இடையே 62 ஆண்டுகள் கழிந்தன. லாமியினேயிற் புரொய்னிங் என்பார் பல்லாயிரம் பெயர்களை நிறுவினார். ஆனால் அவர்தம் விளக்கங்கள் மிகச் சுருங்கியன. பல ஏடுகளிற் சிதறிக் கிடப்பன. பெயர்கள் பெருகின, கஹானின் நூல்போற் கற்பவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் வழிகாட்டி அவற்றால் அமையவில்லை. அன்று இக்குடும்பத்துள் அடங்கிய டிஸ்ரீனியாவும் அதன் உறவினவும் இன்று தனிக்குடும்பமாகக் கொள்ளப்படுகின்றன.

ஆகவே, கஹானின் நூலை முடிந்த முடிபாகக் கொள்வதும் பழையதென ஒதுக்குவதும் ஒருங்கே தவறாகும். அது நூறாண்டு கடந்தும் பயன்படுவது இனங்களின் தொகையால் அன்று. ஒவ்வொரு பிரிவுக்குங் காரணங் காட்டி, பிறர் சோதித்தற்கு இடம் வைத்தமையாலேயாம். அந்நூலில் இல்லாத வண்டு நாட்டிலும் இல்லை என மாணவன் எண்ணுவானாயின், குற்றம் நூலினதன்று, கற்ற முறையினது. கல்லூரி ஆய்வுகூடத்திற் சேர்க்கப்படும் ஒவ்வொரு வண்டின் கீழும் பெயரோடு அது வெளிப்பட்ட மரம், இடம், நாள் ஆகிய மூன்றும் எழுதப்படுமாயின், பேழையில் இருந்து எழுதியவர் விட்ட இடத்தைத் தோப்பில் நிற்பவர் நிரப்பத் தொடங்கியவராவர். பாகுபாடு என்பது பெயர்ப்பட்டியல் அன்று. மேன்மேலும் வினவுதற்குரிய ஒரு கூற்றேயாம்.