சோலார் கேபிளின் இரும்புக் குழாய்க்கு எர்த்: பலமும் பலவீனமும்

மொட்டைமாடித் தகடுகளிலிருந்து இன்வெர்ட்டருக்கு இறங்கும் டி.சி. கேபிளை வெயிலும் எலியும் அணிலும் விட்டுவைப்பதில்லை. சாதாரண பி.வி.சி. குழாய் வெயிலில் வெளுத்து நாளடைவில் நொறுங்கிவிடுவதால், பல வீடுகளில் ஜி.ஐ. குழாய் போடப்படுகிறது. குழாய் உலோகம் என்றால் அதற்கு எர்த் வேண்டுமா என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

வேண்டாம் என்பவர்களின் வாதம் எளியது: சோலார் கேபிளுக்கு இரட்டைக் காப்பு உண்டு, இரட்டைக் காப்புள்ள கருவிக்கு எர்த் தேவையில்லை. கேபிள் புதிதாக, கீறலின்றி இருக்கும்வரை இது சரி. ஆனால் கீறலை உண்டாக்குவதே பெரும்பாலும் அந்தக் குழாய்தான். ஹேக்ஸா பிளேடால் அறுத்த குழாயின் வாயில் ஊசிபோலப் பிசிறு நிற்கும். அரத்தால் தேய்க்காமல், புஷ் எனும் காப்பு வளையம் போடாமல் கேபிளை இழுத்தால் இரண்டு உறையும் ஒரே இழுப்பில் கிழியும்.

கிழிந்தபின் என்ன ஆகும்? 540 வாட் தகடுகள் ஆறை வரிசையாக இணைத்த 3 கிலோவாட் அமைப்பில், சுமையற்ற நிலையில் ஏறத்தாழ 300 வோல்ட் இருக்கும். ஓடும் மின்னோட்டம் 13 ஆம்பியர் அளவு. ஷார்ட் ஆனாலும் 14 ஆம்பியரைச் சுற்றியே நிற்கும். வீட்டு ஏ.சி. இணைப்பில் எர்த் பெரிய மின்னோட்டத்தை இழுத்து எம்.சி.பி.யை விழவைக்கிறது. இங்கே அது நடக்காது, ஃபியூஸும் போகாது. சோலார் குழாயின் எர்த் செய்யும் வேலை வேறு: அது இன்வெர்ட்டருக்குச் சேதி சொல்கிறது. இன்றைய வீட்டு இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதவை. தகடுகளின் இரு முனையும் எர்த்தில் சேராமல் இருக்கும். மின்வாரிய இணைப்பில் சேருமுன் இந்த இன்வெர்ட்டர்கள் காப்புத் தடையை அளக்கின்றன. ஐ.இ.சி. 62109-2 தரப்படி, உச்ச மின்னழுத்தத்தை 30 மில்லிஆம்பியரால் வகுத்தால் வருவதே குறைந்தபட்சத் தடை. 600 வோல்ட் இன்வெர்ட்டருக்கு 20 கிலோஓம். குழாய் எர்த்தில் இருந்தால் கீறல் இந்த அளவீட்டில் சிக்கும், இன்வெர்ட்டர் ஓட மறுக்கும். எர்த் இல்லாவிட்டால், காய்ந்த சுவரில் கிளாம்ப் அடித்த குழாய் மின்னேறி நிற்கும். திரையில் எல்லாம் சரி என்றே காட்டும். துணி உலர்த்த வெறுங்காலோடு வந்து ஈரக்கையால் அதைப் பிடிப்பவரின் உடலே முதல் எர்த்தாகிவிடும். இந்த ஒரு காரணமே போதும், எர்த் வேண்டாம் என்ற வாதத்தைத் தள்ளிவிட.

ஆனாலும் எர்த் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டும் ஒரே குழாயில் போகின்றன. ஒரே பிசிறு இரண்டையும் வெட்டினால் குழாயே இரண்டையும் இணைத்துவிடும். அப்போது எழும் டி.சி. தீப்பொறி, ஏ.சி.யில் போல நொடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டு அணைய வாய்ப்பில்லாதது. வெயில் இருக்கும்வரை எரியும். இரண்டையும் தனித்தனிக் குழாயில் விட்டால் நடுவே பெரிய வளையம் உருவாகி, மின்னல் நேரத்தில் அதில் மின்னழுத்தம் தூண்டப்படும். ஒரே குழாயும் நல்ல புஷ்ஷும்தான் ஏற்ற வழி. தீப்பொறி எழுந்தாலும் பிளாஸ்டிக்கைவிட இரும்பு நின்று தாங்கும். கட்டடத்துக்குள் ஓடும் டி.சி. கேபிளுக்கு அமெரிக்க மின்விதித் தொகுப்பு உலோகக் குழாயோ உலோகக் கவசமோ கேட்கிறது.

நடைமுறையின் பெரிய குறை தொடர்ச்சியில் இருக்கிறது. ஒரு முனையில் பச்சை ஒயரை முறுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று விடுகிறார்கள். இடையில் உள்ள கப்ளிங் துருப்பிடிக்கிறது, அல்லது பெயின்ட் பூசி இறுக்கப்படுகிறது. அதற்கு அப்பால் உள்ள குழாய் தனித்துப்போகிறது. வளைவில் போடும் நெளிகுழாயை எர்த் பாதையாக நம்பக்கூடாது. அதைத் தாண்டி ஒரு ஜம்பர் வேண்டும். வெறும் செம்பைத் தகட்டின் அலுமினியச் சட்டத்தில் நேரடியாக இறுக்கினால் மழைக்காலத்தில் இணைப்பு அரித்துப்போகும்; வெள்ளீயம் பூசிய லக் தேவை. டி.சி.க்கெனத் தனி எர்த் குழி வெட்டி அதை வீட்டு எர்த்தோடு இணைக்காமல் விடுவதும் தவறு. மின்னல் விழும்போது இரண்டுக்கும் இடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு எழும்.

குழாயின் இரு முனையும் எர்த்தில் இருந்தால்தான் மின்னல் தூண்டலுக்கு அது கவசமாகும். அதே குழாய் இடிதாங்கிக் கம்பியை ஒட்டிப் போனால் மின்னலின் ஒரு பங்கை வீட்டுக்குள் இழுத்து வரவும் கூடும். இரண்டுக்கும் இடையே போதிய தூரம் விட வேண்டும்.

ஆண்டுக்கொருமுறை, மழைக்காலம் முடிந்ததும், குழாயின் ஒவ்வொரு துண்டுக்கும் எர்த் கம்பிக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்தால் தளர்ந்த இணைப்பு தெரிந்துவிடும். அந்த வேலையைச் செய்ய ஆளில்லாத வீட்டில், தொடர்ச்சி தெரியாத இரும்புக் குழாயைவிட வெயில் தாங்கும் தரமான பிளாஸ்டிக் குழாயே மேல்.