நெசவுப் பயிற்சிக் காணொளிகளும் திரைப்பதிவு மென்பொருள் தெரிவும்: ஸ்போகன் டுடோரியல் முறையை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஒலியுடன் கூடிய பயிற்சிக் காணொளிகளை உருவாக்கத் திரைப்பதிவு மென்பொருளைத் தெரிவு செய்வோர் பெரும்பாலும் வசதிப் பட்டியலையே ஒப்பிடுகின்றனர். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போகன் டுடோரியல் திட்டத்தின் நடைமுறையை அடிப்படையாகவும், காஞ்சிபுரம் வட்டாரப் பட்டு வடிவமைப்பைக் கற்பிக்கும் தேவையை உரைகல்லாகவும் கொண்டு, குரலையும் காட்சியையும் பிரித்துக் கையாள ஒரு மென்பொருள் எந்த அளவுக்கு இடந்தருகிறது என்பதே முதன்மையான அளவுகோல் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: திரைப்பதிவு, ஒலித்தடம், மறுகுரலாக்கம், தமிழ்ச் சொல்வரிசை, ஜக்கார்டு வடிவமைப்பு, கூரம்

முன்னுரை

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், கூரத்தாழ்வானின் ஊராக வைணவர்க்கும், செப்பேட்டின் ஊராக வரலாற்று மாணவர்க்கும் அறிமுகமானது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய கூரம் செப்பேடு, அவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கெனத் தனியே பங்கு ஒதுக்குகிறது. நூல் ஏட்டில் இருக்கும்போது வாசிப்பவர்க்குத் தனிப் பங்கு எதற்கு? எழுதப்பட்டது நிலைத்து நிற்பது. குரல் கேட்போர்க்கு ஏற்ப மாற வேண்டியது. இவ்விரண்டையும் வேறுவேறு பணிகளாகக் கண்ட நிர்வாக அறிவு அச்செப்பேட்டில் தெரிகிறது. இன்றைய திரைப்பதிவுக் கருவிகள் பல இந்த வேறுபாட்டை அழித்துவிடுகின்றன என்பதே இக்கட்டுரையின் குறை கூறல்.

இவ்வட்டாரத்தின் பட்டுச் சேலைக் கரையும் முந்தியும் முன்னர்க் கட்டத்தாளில் வரையப்பட்டு, ஜக்கார்டு அட்டைகளில் துளைகளாக மாற்றப்பட்டன. இப்போது கட்டத்தாளின் இடத்தைக் கணினித் திரை பெற்றுவருகிறது. கட்டத்தாளில் வரைவதை அருகமர்ந்து கற்றனர். திரையில் வரைவதை அருகமர்ந்து கற்பிக்கப் போதிய ஆட்கள் இல்லை. எனவே காணொளியின் தேவை எழுகிறது.

ஸ்போகன் டுடோரியல் முறை

இந்திய அரசின் தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்வழிக் கல்விக்கான தேசிய இயக்கத்தின் நிதியுதவியுடன், பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா வழிநடத்திய திட்டம் ஸ்போகன் டுடோரியல். ஏறத்தாழ 10 நிமிட அளவுள்ள அதன் பயிற்சிகளில் கிம்ப், இங்க்ஸ்கேப், லிப்ரெஆபிஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் கற்பிக்கப்படுகின்றன. மாணவர் காணொளியை ஒரு பக்கத்திலும் மென்பொருளை மறுபக்கத்திலும் திறந்து வைத்து, பார்த்தவுடன் செய்து பழகுகிறார்.

இத்திட்டத்தின் வலிமை அதன் வரைவில் உள்ளது. பதிவுக்கு முன்பே இரு நிரல்களில் வரைவு எழுதப்படுகிறது: ஒன்றில் திரையில் நிகழ்வது, மற்றொன்றில் சொல்லப்படுவது. தொடக்கநிலை மாணவர் ஒருவர் அதைச் சோதித்துப் பார்த்த பின்னரே பதிவு நடக்கிறது. பிறகு ஆங்கிலக் குரலை நீக்கித் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் குரலைச் சேர்க்கின்றனர். குரலும் காட்சியும் பிரிந்திருப்பதால்தான் இது இயல்கிறது. பொத்தானை அழுத்திவிட்டு மனம்போனபடி பேசிப் பதிவேற்றும் காணொளிகளுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

சொல்வரிசையும் சொடுக்கலும்

எனினும் இம்முறையின் தமிழ் வடிவத்தில் ஒரு குறை உண்டு. தமிழாக்க வரைவில் காட்சி நிரலின் இடத்தை நேர நிரல் பிடித்துக்கொள்கிறது. ஆங்கிலக் குரலுக்கென அமைந்த காட்சி ஓட்டம் மாறாமலிருக்க, தமிழ் வாக்கியம் அந்த நொடிகளுக்குள் அடங்க வேண்டும்.

ஆங்கில ஏவல் வாக்கியம் வினையில் தொடங்கி இடத்தில் முடிகிறது. தமிழ் வாக்கியம் இடத்தில் தொடங்கி, பொருளைச் சுட்டி, வினையில் முடிகிறது. ‘மேலே இடப்பக்கம் உள்ள பட்டியில், மூன்றாவதாகக் காணும் பென்சில் கருவியைச் சொடுக்குக’ என்னும்போது, சுட்டி மேலே சென்று, பட்டியில் இறங்கி, கருவியில் நின்று, ‘சொடுக்குக’ என்ற சொல்லில் சொடுக்கினால், கண்ணும் காதும் ஒன்றுபடும். திரைச்செயலை விளக்கத் தமிழ்ச் சொல்வரிசை ஆங்கிலத்தினும் பொருத்தமானது என்றே கூறலாம். ஆனால் ஆங்கிலக் குரலுக்கு ஏற்பப் பதிவான காட்சியில், தமிழ்க் குரல் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சொடுக்கல் நடந்து முடிந்துவிடலாம். அருகில் மென்பொருளைத் திறந்து வைத்துச் செய்துபார்ப்பவர் அந்த இடத்தில்தான் தடுமாறுவார்.

ஆகவே குரலை மாற்ற முடிந்தால் மட்டும் போதாது. காட்சியையும் நிறுத்தி நீட்ட முடிய வேண்டும். ஓபிஎஸ் ஸ்டுடியோ கட்டற்றது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குவது. ஒரே கோப்பில் 6 ஒலித்தடங்கள் வரை தனித்தனியே பதிவு செய்ய வல்லது. அதில் தொகுப்பு வசதி இல்லை என்பதைப் பலர் குறையாகக் கூறுவர். அதைக் குறையாகக் கொள்ளத் தேவையில்லை. கேடென்லைவ் போன்ற தனித் தொகுப்பியில் ஒரு சட்டகத்தை உறையவைத்துத் தேவையான நொடிகள் நீட்டலாம். விலை கொடுத்து வாங்கும் காம்டேசியாவில் பதிவும் தொகுப்பும் சேர்ந்திருப்பதோடு, சுட்டியின் அளவைப் பதிவுக்குப் பின்னரும் மாற்ற முடியும். பணம் உள்ள நிறுவனத்திற்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அதன் திட்டக் கோப்பைத் திறக்க அதே மென்பொருள் வேண்டும் என்பதால், ஊர்ப்புறத்தில் ஒருவர் விட்ட பணியை இன்னொருவர் தொடர்வது கடினம். கைப்பேசியின் திரைப்பதிவு வசதி உடனடித் தேவைக்கு உதவும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தறியின் ஓசை

தறியுள்ள வீட்டில் ஒலிப்பதிவு எளிதன்று. அடாசிட்டி மென்பொருளின் இரைச்சல் நீக்கம், மின்விசிறி போன்ற சீரான ஓசையை ஒரு மாதிரியாக எடுத்துக்கொண்டு கழிப்பது. பலகை அடிப்பதும் ஜக்கார்டு ஏறி இறங்குவதும் விட்டுவிட்டு எழும் ஓசைகள். அவற்றை அது நீக்காது. முயன்றால் பேச்சும் சிதையும். காட்சியைப் பகலில் பதிந்து, குரலைத் தறி நின்ற பின் இரவில் பதிவதே வழி. இங்கும் தடங்களைப் பிரிப்பதே கைகொடுக்கிறது. (தறியோசையை முற்றிலும் இரைச்சல் என்று ஒதுக்குவதும் சரியன்று. அட்டை மாறுவதைக் காட்டும் இடத்தில் அவ்வோசை பாடத்தின் பகுதி. அதற்கென ஒரு தடத்தை ஒதுக்கலாம்.)

கட்டமும் புள்ளியும்

நெசவு வடிவமைப்புக்கே உரிய சிக்கல் ஒன்று பொதுவான மென்பொருள் ஒப்பீடுகளில் இடம்பெறுவதில்லை. வடிவமைப்பில் ஒரு கட்டம் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓரிடத்தைக் குறிக்கிறது. திரையில் அது ஒரு படப்புள்ளியாகிறது. வழக்கமான காணொளிச் சுருக்கமுறையில் ஒளிர்வு ஒவ்வொரு புள்ளிக்கும் பதிவாகிறது. நிறமோ நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகவே பதிவாகிறது. அரக்கு நிற உடலில் ஒரு புள்ளி அகலத்தில் ஓடும் பச்சைக் கோடு, இரண்டின் ஒளிர்வும் நெருங்கியிருந்தால், காணொளியில் நிறம் மங்கிக் கலங்கித் தெரியும். எந்தக் கட்டத்தை நிரப்பினார் என்பதைக் கண்டறிய இயலாத பயிற்சியால் பயனில்லை.

ஓபிஎஸ்ஸில் முழு நிறத் தகவலையும் காக்கும் அமைப்பு உண்டு. ஆனால் அவ்வாறு பதிந்த கோப்பைப் பல கைப்பேசிகள் சரியாக இயக்குவதில்லை. கற்போர் கையில் இருப்பதோ கைப்பேசி. ஆதலால் வடிவமைப்பை எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டிப் பதிவதே சிறந்தது. இத்தகைய பாடத்திற்கு நொடிக்கு 15 சட்டகங்கள் போதும். மிச்சமாகும் கொள்ளளவைத் தெளிவுக்குச் செலவிடலாம். அதிவேகப் பதிவைப் பெருமையாகப் பேசும் விளம்பரங்கள் கணினி விளையாட்டாளர்க்கானவை. சட்டக வேகம் பதிவு முழுவதும் சீராக இருப்பதே இங்கு முக்கியம். அது ஏறியிறங்கினால், தனியே பதிந்த குரல் சில நிமிடங்களில் காட்சியை விட்டு விலகிவிடக்கூடும்.

சொல்லும் திரையும்

திரையில் ‘லேயர்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்க, குரல் ‘அடுக்கு’ என்று மட்டும் கூறினால், கற்பவர் அச்சொல்லைத் திரையில் தேடிக் களைப்பார். தனித்தமிழ்ப் பற்று இங்குக் கற்பித்தலுக்கு எதிராகிவிடுகிறது. திரையில் உள்ளதைத் திரையில் உள்ளபடியே ஒலித்து, கோர்வை, முந்தி, பாவு, ஊடை, அட்டை எனத் தொழிலுக்குரியவற்றை நெசவாளர் சொல்லும்படியே சொல்வது தக்கது. திரையையே தமிழில் அமைக்கலாம் என்பது மற்றொரு வழி. லிப்ரெஆபிஸ் தமிழ் இடைமுகத்துடன் கிடைக்கிறது. அவ்வழியை மேற்கொண்டால் மறுகுரலாக்கம் போதாது. காட்சியையே புதிதாகப் பதிய வேண்டும். அப்போது துணை நிற்பது பழைய காணொளிக் கோப்பு அன்று. காட்சி நிரலுடன் கூடிய வரைவே. ஸ்போகன் டுடோரியல் திட்டம் தன் வரைவுகளைப் பொதுவில் வைத்திருப்பதும், மாற்றிப் பயன்படுத்த இடந்தரும் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வெளியிடுவதும் இவ்வகையில் பெரும் உதவி. தமிழ் வரைவுகளிலும் நேர நிரலுக்கு அருகில் காட்சி நிரலை மீண்டும் சேர்த்தால், கூரத்தில் ஒரு வடிவமைப்பாளர் மேசையில் கணினியும் ஒலிவாங்கியும் வைத்து, தமிழின் சொல்வரிசைக்கேற்பப் புதிய காட்சியைப் பதியத் தொடங்கலாம்.