போர்த்தேங்காய்: முறைகளும் எழுதாச் சட்டங்களும்

தேங்காயைத் தேங்காயால் அடிக்க வேண்டும். எவருடைய காய் உடைகிறதோ அவர் தோற்றார். போர்த்தேங்காய் ஆட்டத்தின் சட்டம் இவ்வளவுதான். சட்டம் சுருக்கமாக இருந்ததால் இடத்துக்கு இடம் முறை வேறாக வளர்ந்தது.

மட்டக்களப்பில் இது கண்ணகி அம்மன் சடங்கோடு ஒட்டியது. ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து நிற்க, கொம்புகளைக் கோத்து இழுக்கும் கொம்புமுறியோடு சேர்ந்து போர்த்தேங்காயும் அடிபடும். சிங்கள மக்கள் 'பொர பொல்' என்பர்; பத்தினி வழிபாட்டோடு சேர்ந்த அந்த ஆட்டத்தில் காயை எறிந்து மோதவிடுவார்கள். வடக்கிலும் வன்னியிலும் சித்திரை வருடப்பிறப்பையொட்டி ஆடுவது கைமுறை. ஒருவர் தன் காயை நிலத்தில் வைப்பார். மற்றவர் தன் காயைக் கையில் இறுகப் பற்றி அதன்மேல் ஓங்கி அடிப்பார். தனியாள் திறமையை அளக்க இந்தக் கைமுறையே சிறந்தது என்பேன். சேரியாக நின்று ஆடினால் வெற்றி ஊருக்குப் போகும். கைமுறையில் காயைத் தெரிந்தெடுத்தவருக்கே போகும்.

அந்தத் தெரிவில்தான் வித்தையெல்லாம் இருக்கிறது. பருமன் சிறிதாகவும் பாரம் மிஞ்சியும் இருக்கும் காயையே கை தேடும். உரித்துத் தும்பை வழித்துவிட்டு, நகத்தால் சுண்டிக் காதோடு வைத்துக் கேட்பார்கள். அடிப்பவர் தன் காயின் கூரான முனையை முன்னே பிடித்து, எதிரியின் காயில் அகன்ற வயிற்றைத் தேடுவார். வைப்பவரோ மண்ணைக் கொஞ்சம் கிண்டி, வயிறு புதைந்து கூர்முனை மட்டும் தெரியும்படி அமர்த்தப் பார்ப்பார். எவ்வளவு புதைக்கலாம், எந்தப் பக்கம் அடிக்கலாம் என்பதில்தான் வாய்த்தர்க்கம் தொடங்கும்.

இன்ன மரத்துக் காய் என்று கேட்டாலே எதிரி பின்வாங்குவதும் உண்டு. அது வெறும் நம்பிக்கை அல்ல. சிரட்டை தாய்மரத்தின் இழையத்திலிருந்தே உருவாகிறது. ஆகவே ஒரு மரத்துக் காய்களின் ஓடு பெரும்பாலும் ஒரே தன்மையாக இருக்கும். பாளை வெடித்துக் காய் முற்ற ஏறத்தாழ 12 மாதம் ஆகும். இந்தச் சித்திரையில் அடிபடும் காய் போன சித்திரைப் பாளையில் பிடித்த குரும்பை.

காய் எப்படியிருந்தாலும், முறை இடத்துக்கு இடம் வேறுபடுவதால் வாய்த்தர்க்கம் ஓயாது. உலகில் இதே சிக்கலுக்கு ஒரு தீர்வு கண்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் ஆட்டம் 19ஆம் நூற்றாண்டில் நகருக்கு நகர் வேறு விதிகளோடு நடந்தது. 1895 செப்டெம்பரில் நியூயோர்க்கில் கழகங்கள் கூடி அமெரிக்க பௌலிங் காங்கிரசை அமைத்து, விதிகளையும் பந்து, கட்டைகளின் அளவுகளையும் ஒன்றாக்கின. அதன் பின்னரே, 1901இல் சிக்காகோவில் முதலாவது தேசியப் போட்டி நடந்தது. 9 மாநிலங்களிலிருந்து 41 அணிகள் வந்தன. அளவை எழுதி வைத்த பிறகே ஆட்டம் ஊர் எல்லையைத் தாண்டியது.

நாம் எழுதி வைக்கவில்லை. எமது நியமங்கள் பெரியவர்களின் வாயிலும் மரங்களிலுமே இருந்தன. 2009இல் முடிந்த போரில் வன்னியின் தென்னைகள் எறிகணையால் வட்டறுந்து நின்றதை மீளக்குடியேறிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பேர்போன மரம் விழுந்தால் அதன் காயை வாங்க வேறிடம் இல்லை. நெட்டைத் தென்னை அயல் மகரந்தத்தாலேயே பெரிதும் காய்ப்பதால், விதைக்காய் நட்டாலும் தாயைப் போலவே பிள்ளை வரும் என்ற உறுதி கிடையாது. ஆட்டம் அறிந்த பெரியவர்களும் இடம்பெயர்வில் சிதறிப் போனார்கள்.

ஆகவே பிரதேச கலாசாரப் பேரவைகளிடம் ஒரு வேண்டுகோள். காயின் நிறை, புதைக்கும் ஆழம், அடிக்கும் முறை, யார் முதலில் வைப்பது என்ற நான்கையும் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக் கேட்டு எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அருகில் இருத்திக் கேளுங்கள். உங்கள் ஊரில் போர்க்காய் மரம் ஏதும் இன்னும் நின்றால், அடுத்த சித்திரைக்கு முன் அது எந்த வளவில் நிற்கிறது என்று குறித்துப் பேரவைக்கு அறிவியுங்கள்.