சிஎஸ்50 தனியாகப் படிப்பவருக்கு ஏற்ற பாடமா?

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கணினி அறிமுகப் பாடங்களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 அளவுக்குப் பேர் வாங்கியது வேறில்லை. எதில் தொடங்கலாம் என்று கேட்கிற மாணவருக்கு யாராவது ஒருவர் இந்தப் பெயரைச் சொல்லாமல் இருப்பதில்லை. அந்தப் பேர் சரியான காரணத்துக்காகத்தான் வந்ததா, இந்தப் பாடம் யாருக்குப் பயன்படுகிறது, யாரை வழியில் விட்டுவிடுகிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இதில் சேர்ந்து நான்காம் வாரத்தில் நின்றுபோகிறவர்கள் பலரும் குறை தங்களிடம்தான் என்று நினைத்துக்கொண்டு கணினியையே விட்டு விலகுகிறார்கள்.

அறிமுகப் பாடத்திடம் நான் முதலில் எதிர்பார்ப்பது, இயந்திரத்தைப் பற்றி அது பொய் சொல்லக் கூடாது என்பது. அடுத்து, மாணவர் தன் கையால் செய்து, செய்தது தப்பென்றால் அதைத் தானே கண்டுகொள்ள வழி இருக்க வேண்டும். இந்த இரண்டும் எந்தப் பாடத்துக்கும் பொருந்தும். அறிமுகப் பாடத்துக்கு மட்டும் உரிய கடமை ஒன்று உண்டு: இடறி விழுகிறவரைத் தூக்கிவிட வேண்டும். ஏற்கனவே ஓடத் தெரிந்தவருக்கு அறிமுகம் தேவையில்லை.

டேவிட் மாலன் 2007 முதல் இந்தப் பாடத்தை நடத்திவருகிறார். அரசியல் படிக்க ஹார்வர்டுக்கு வந்த அவரே 1996-இல் மாணவராக இதே பாடத்தில் உட்கார்ந்தவர்; அப்போது நடத்தியவர் பிரையன் கெர்னிகன், சி மொழிக்கு டென்னிஸ் ரிச்சியோடு சேர்ந்து நூல் எழுதியவர். 2012-இல் ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் தளத்தைத் தொடங்கியபோது சிஎஸ்50 அங்கே ஏறியது.

பாடத்தின் முகமாக எல்லோரும் அறிவது விரிவுரை. சாண்டர்ஸ் அரங்க மேடையில் மாலன் டெலிபோன் டைரக்டரியைப் பாதியாகக் கிழித்து, ஒரு பாதியை வீசி, மிச்சத்தை மறுபடி பாதியாகக் கிழிப்பார். ஆயிரம் பக்கப் புத்தகத்தில் பத்துக் கிழிசலில் ஒரு பெயர் அகப்பட்டுவிடும். பார்த்தவர் பைனரி சர்ச்சை மறக்கமாட்டார். விரிவுரைகள் உண்மையிலேயே தெளிவானவை. ஆனால் நல்ல விரிவுரைக்கு இணையத்தில் பஞ்சமில்லை. இந்தப் பாடத்தின் மதிப்பை விரிவுரையை வைத்து முடிவு செய்கிறவர்கள் அதன் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

மீதிப் பாதி ப்ராப்ளம் செட்டுகளில் இருக்கிறது. முதல் வாரம் (பாடம் இதைப் பூஜ்ய வாரம் என்றே எண்ணுகிறது) ஸ்கிராட்ச்; வண்ணக் கட்டைகளை அடுக்கி ஒரு விளையாட்டோ கதையோ செய்யலாம். மறு வாரமே சி. எம்ஐடி தன் அறிமுகப் பாடத்துக்குப் பைத்தானை எடுத்துக்கொண்ட பிறகும் சிஎஸ்50 ஐந்து வாரம் சி-யைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. புதியவருக்கு இது தேவையற்ற தண்டனை என்பது பழைய குற்றச்சாட்டு. நான் அதை ஏற்கவில்லை. மெமரி என்பது எண் போட்ட பைட்டுகளின் வரிசை, எழுத்தும் படமும் ஒலியும் அங்கே எண்களாகவே கிடக்கின்றன என்பதைச் சி மறைக்காது. பைத்தான் அதை மறைப்பதால்தான் வேலைக்கு வசதியாக இருக்கிறது. மறைக்கப்பட்டது எது என்று ஒரு முறையாவது பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும், பின்னால் புரோகிராம் விசித்திரமாக நடந்துகொள்ளும் நாளில் வித்தியாசம் தெரியும்.

ஆனால் சிஎஸ்50-உம் தொடக்கத்தில் ஒன்றை மறைக்கிறது. சி மொழியில் ஸ்ட்ரிங் என்று ஒரு வகை கிடையாது. பாடக்குழு தன் சொந்த லைப்ரரியில் அப்படி ஒரு பெயரை வைத்து மாணவருக்குக் கொடுக்கிறது. அதன் அடியில் இருப்பது சார் ஸ்டார், அதாவது ஒரு மெமரி முகவரி. மூன்றாம் வாரத்தில் இரண்டு ஸ்ட்ரிங்குகளைச் சமக்குறி போட்டு ஒப்பிட முடியாது, அதற்குத் தனிச் செயற்கூறு வேண்டும் என்று சொல்கிறார்கள்; காரணம் பிறகு என்று தள்ளிவைக்கிறார்கள். நான்காம் வாரத்தில் திரையை விலக்குகிறார்கள். இத்தனை நாள் நீங்கள் ஒப்பிட முயன்றது இரண்டு சொற்களை அல்ல, இரண்டு முகவரிகளை என்று தெரியும்போது மூன்று வாரத்துச் சங்கடங்கள் ஒன்றாகத் தீர்கின்றன. மறைத்ததைத் தானே வெளியே எடுத்துக் காட்டுகிற பாடத்தை ஏமாற்றுகிற பாடம் என்று சொல்ல மாட்டேன். கடன் வாங்கி, சொன்ன தேதியில் திருப்பித் தருவதற்கு ஒப்பானது அது.

அதே நான்காம் வாரத்து ‘ரெகவர்’ என்ற கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. அழிந்துபோன கேமரா கார்டின் நகல் ஒன்று கையில் தரப்படும். அதிலிருந்து 50 படங்களை மீட்க வேண்டும். ஃபைல் பெயர் இல்லை, பட்டியல் இல்லை. 512 பைட்டாகப் படித்துக்கொண்டே போய், ஜேபெக் படம் தொடங்கும் அடையாள பைட்டுகளைக் கண்ட இடத்தில் புது ஃபைலைத் திறக்க வேண்டும். முப்பது நாற்பது வரிகளுக்குள் முடிந்துவிடும். படங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும்போது, அழித்தல் என்றால் என்ன, ஃபைல் என்றால் என்ன என்பதை யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் வாரத்து ‘ஸ்பெல்லர்’ இதைவிடப் பெரிய வேலை. 1,43,091 சொற்கள் கொண்ட அகராதியை ஹேஷ் டேபிளில் ஏற்றி, ஒரு நூலிலுள்ள எழுத்துப் பிழைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். நேரம் அளக்கப்படும். வாங்கிய மெமரியில் ஒரு பைட்டைத் திருப்பித் தராவிட்டாலும் பிடிபடும். பலருக்கு நாட்கணக்கில் இழுக்கும் கணக்கு இது. ஆறாம் வாரத்தில் மாலன் அதே புரோகிராமைப் பைத்தானில், ஒரு திரைக்குள் அடங்கும் சில வரிகளில் எழுதிக் காட்டி, ஓட்டியும் காட்டுகிறார்; அது சி-யைவிட மெதுவாக ஓடுகிறது. மனிதரின் நேரத்துக்கும் இயந்திரத்தின் நேரத்துக்கும் இடையிலுள்ள பேரத்தை இவ்வளவு நேரடியாக உணர்த்தும் அறிமுகப் பாடம் வேறொன்றை நான் கண்டதில்லை. ஸ்பெல்லரைச் செய்யாமல் அந்த விரிவுரையை மட்டும் பார்த்தவருக்கு அது இன்னொரு மொழியின் அறிமுகம், அவ்வளவுதான்.

தவற்றைத் தானே அறிய ‘செக்50’ என்ற கருவி இருக்கிறது. எந்த உள்ளீட்டுக்கு எந்த விடையை எதிர்பார்த்தது, நம் புரோகிராம் என்ன தந்தது என்று வரி வரியாகச் சொல்லும். என் இரண்டாவது எதிர்பார்ப்பை இந்தப் பாடம் முழுமையாக நிறைவேற்றுகிறது.

முதல் எதிர்பார்ப்பில் குறைகள் உண்டு. மெமரியை இவ்வளவு நெருங்கிக் காட்டும் பாடம் பிராசஸரைக் கிட்டத்தட்ட தொடுவதே இல்லை. கட்டளை ஒன்று எப்படி எடுக்கப்பட்டு எப்படி நிறைவேறுகிறது என்பது மாணவருக்கு மாயமாகவே இருந்துவிடுகிறது. ஆபரேட்டிங் சிஸ்டமும் பாடத்துக்கு வெளியே நிற்கிறது. நிசானும் ஷாக்கனும் உருவாக்கிய ‘நாண்ட் டு டெட்ரிஸ்’ பாடம் லாஜிக் கேட்டிலிருந்து தொடங்கி முழுக் கணினியையே கட்டவைக்கிறது. அதில் ஒரு வாரத்தளவு இங்கே வந்திருந்தாலும் போதும். அதற்குரிய இடத்தைக் கடைசி வாரங்கள் எடுத்துக்கொள்கின்றன. எஸ்க்யூஎல் வாரம் நன்றாக இருக்கிறது. ‘ஃபிஃப்டிவில்’ கணக்கில் தரவுத்தளத்தைக் கேள்வி கேட்டே திருடனைப் பிடிக்க வேண்டும். அதன்பின் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் ஒரே வாரம், பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஃப்ளாஸ்க் மறு வாரம் என்று ஓட்டம் பிடிக்கிறது. இங்கே மாணவர் புரிந்து எழுதுவது குறைந்து, மாதிரியைப் பார்த்து மாற்றுவது கூடுகிறது.

தமிழில் படித்து வந்தவரின் கண்ணுக்கு மட்டும் சட்டென்று தெரியும் குறை ஒன்றும் இருக்கிறது. தொடக்க விரிவுரையில் யூனிகோட் பற்றியும் எமோஜி பற்றியும் அழகாகப் பேசிவிட்டு, கணக்குகள் எல்லாம் 26 எழுத்து உலகத்துக்குள் போய்விடுகின்றன. சீசர் மறையெழுத்து 26-இல் சுழல்கிறது. வாசிப்புக் கடினத்தை அளக்கும் கணக்கு ஆங்கிலத்துக்கென்று செய்த சூத்திரத்தை எடுத்துக்கொள்கிறது. ஸ்பெல்லரின் அகராதியும் ஆங்கிலம்தான். ஒரு மாணவர் சி-யில் ‘தமிழ்’ என்று கொடுத்து அதன் நீளத்தைக் கேட்டால் 15 என்று வரும். நாம் எண்ணுவது மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். எழுத்து வேறு, குறியீடு வேறு, பைட் வேறு என்பது கணினியைப் பற்றிய அடிப்படை உண்மை. உலகம் முழுவதற்கும் நடத்தப்படும் பாடத்தில் அதற்கு ஒரு கணக்குகூட ஒதுக்காதது எளிதில் தவிர்த்திருக்கக்கூடிய குறை.

இனி மூன்றாவது எதிர்பார்ப்பு. என் தீர்ப்பு இதில்தான் தங்கியிருக்கிறது.

இந்தப் பாடத்தில் சேரும் ஹார்வர்ட் மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் முன்பு கணினி அறிவியல் படிக்காதவர்கள் என்று பாடக்குழு பெருமையோடு சொல்கிறது. உண்மையான பெருமைதான். ஆனால் அந்த மாணவருக்குப் பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சிறு குழு வகுப்புகள் உண்டு; மாலை நேரங்களில் உதவி ஆசிரியர்கள் மேசைக்கு வந்து உட்காருகிறார்கள்; கெடுத் தேதி அவரை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கிறது; விடுதி அறையில் அதே கணக்கோடு மல்லுக்கட்டும் நண்பர் இருக்கிறார். விரிவுரையிலிருந்து ப்ராப்ளம் செட்டுக்குப் போகும் தாவல் மிகப் பெரியது. மூன்றாம் வாரத்து ‘டைட்மன்’ தேர்தல் கணக்கில், யார் யாரை வென்றார் என்ற வெற்றித் தொடர் சுழலாகிவிடுகிறதா என்று கண்டறிய வேண்டும். செயற்கூறு தன்னையே அழைக்கும் ரிகர்ஷனை அந்த வாரம்தான் முதன்முதலாகக் கேட்டவரிடம் இதைக் கேட்பது கடுமை. தயங்குகிறவருக்கு ‘ரன்ஆஃப்’ என்ற எளிய மாற்று உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். எளிய மாற்றும்கூட அறிமுகமற்றவருக்கு எளியதல்ல. வளாகத்தில் அந்தத் தாவலைத் தாண்டவைப்பவர்கள் மனிதர்கள். இணையத்துக்கு வந்தது கணக்கும் காணொளியும், மனிதர்கள் வரவில்லை.

2012-இல் முதல் முறை இணையத்தில் நடந்தபோது சுமார் ஒன்றரை லட்சம் பேர் பதிவு செய்தார்கள். சான்றிதழ் வாங்கியவர்கள் ஏறக்குறைய 1,400 பேர். ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இதை மட்டும் வைத்துத் தோல்வி என்று சொல்வது நியாயமில்லை. பதிவு இலவசம். எம்ஐடி, ஹார்வர்ட் இணையப் பாடங்களைப் பற்றி 2019-இல் வந்த ஆய்வு, பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் உள்ளே நுழையவே இல்லை என்று காட்டியது. என்னை உறுத்துவது முடித்தவர்கள் எத்தனை பேர் என்பதைவிட, முடித்தவர்கள் யார் என்பது. ஆய்வாளர்கள் ஹேன்சன், ரைக் இருவரும் அதே இரண்டு நிறுவனங்களின் 68 பாடங்களை அமெரிக்க மாணவர்களை வைத்து ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவு இது: சேர்ந்தவர்கள் வசதியான பகுதிகளில் அதிகம், இளையவர்களில் படித்த பெற்றோரின் பிள்ளைகள் சான்றிதழ் வரை போவது கூடுதல். கதவைத் திறந்து வைப்பதும் உள்ளே கொண்டுவருவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பாடக்குழு இதை உணராமல் இல்லை. 2023-இல் கேள்விக்குப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றை ‘வாத்து’ என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். விடையைத் தராமல் வழி மட்டும் காட்டும்படி கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, நேர்மையான ஏற்பாடும்கூட. ஆனால் வாத்து கேட்டதற்குத்தான் பதில் சொல்லும். என்ன கேட்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருப்பவரின் முகத்தைப் பார்த்து, ‘முதலில் இதைத் தாளில் வரைந்து பார்’ என்று சொல்ல அதற்குக் கண் இல்லை. இணையத்தில் படிப்பவருக்குக் கெடுத் தேதியும் ஆண்டு முடிவில் ஒன்றே ஒன்று. அதற்குள் முடியாவிட்டால் செய்த வேலை அடுத்த ஆண்டுக்குப் போகும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு இது வரம். தனித்து நிற்கும் பதினெட்டு வயதுக்காரருக்கு இது தள்ளிப்போட வசதி.

இங்கே நமக்குப் பழக்கமான இந்திய இணையப் பாடத் திட்டமான என்பிடெல்லை ஒப்பிடலாம். அதன் கணக்குகள் பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. ரெகவருக்கு அருகில்கூட வராது. ஆனால் வாரக் கெடு உண்டு, மதிப்பெண்ணில் முக்கால் பங்கு நேரில் தேர்வு மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு. அந்தச் சான்றிதழில் பெயருக்கு உரியவர்தான் எழுதினார் என்ற உறுதி இருக்கிறது. சிஎஸ்50-இன் இலவசச் சான்றிதழில் அது இல்லை; தீர்வுகள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. வளாகத்தில் நகல் எடுத்த மாணவர் 72 மணி நேரத்துக்குள் தானே ஒப்புக்கொண்டால் கடும் நடவடிக்கை இல்லை என்ற நல்ல விதியை 2014 முதல் வைத்திருக்கிறார்கள். அதைச் செயல்படுத்தவும் ஆள் வேண்டும். ஆகவே வேலைக்கு ஆள் எடுப்பவர் இந்தச் சான்றிதழைப் பார்ப்பதை விட்டு, ஸ்பெல்லரை எப்படி எழுதினாய் என்று கேட்பது மேல்.

என் தீர்ப்பு இதுதான். கணினி அறிமுகத்துக்கென்று எழுதப்பட்ட கணக்குத் தொகுப்பு என்ற வகையில் சிஎஸ்50-க்கே முதலிடம். முதல் ஆறு வாரங்களுக்கு இணையானதை நான் அறியேன். தனியாகப் படிக்கத் தொடங்கும் புதியவருக்கு உரிய பாடம் என்ற வகையில் அது முழுமையடையவில்லை. அப்படி அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்தாறு பேர் சேர்ந்து வாரம் ஒரு முறை கூடி, ஸ்பெல்லரைத் தன் கையால் முடித்த ஒருவர் உடன் உட்கார்ந்தால் இந்தக் குறையில் பெரும்பகுதி போய்விடும். எந்தக் கல்லூரியும் ஒரு வகுப்பறையை மாலையில் திறந்து வைத்தால் இதைச் செய்யலாம். கடைசி வாரங்களை விட்டுவிட்டாலும் இழப்பு பெரிதில்லை.

இன்னொன்றும் செய்யலாம். கணக்கு விளக்கங்கள் நீளமான ஆங்கிலப் பக்கங்கள். புரோகிராமில் தடுக்குமுன்பே பல மாணவர்கள் அவற்றில் தடுக்கி விழுகிறார்கள். அவற்றைத் தமிழில் தரலாம். வாசிப்புக் கணக்கைத் தமிழ் உரைக்கு மாற்றி எழுதலாம்; அப்போது 15 பைட்டுக்கும் மூன்று எழுத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடே அந்த வாரத்தின் பாடமாகிவிடும். பாடப்பொருள்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகின்றன. விற்காமல், மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் வெளியிட்டால் யாரிடமும் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை.