மலை மேல் நிற்கும் 100.5

கொடைக்கானலிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் கோடைப் பண்பலையின் பெருமை அதன் 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரில் இருக்கிறது என்று பேசுகிறவர்கள் உண்டு. அதே டிரான்ஸ்மிட்டரை மதுரை நகருக்குள் இறக்கி வைத்தால் எத்தனை ஊருக்குக் கேட்கும்? 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உள்ள அலைக்கு வாட்டைவிட உயரம்தான் முக்கியம். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல் நிற்கிறது. அந்த உயரத்துக்குக் கணக்குப் போட்டால், பூமியின் வளைவு குறுக்கே வரும் வரை ஏறக்குறைய 180 கிலோமீட்டர் வழி திறந்து கிடக்கிறது. திண்டுக்கல், தேனி, மதுரை, அதைத் தாண்டித் திருச்சி வரை அந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும்.

நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில் தொடங்கியது. சென்னை ரசிகர்கள் அந்த முதல் இடத்தைச் சொல்லிப் பெருமைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் சமவெளி நகரத்துக் கோபுரத்தால் ஒரு நகரத்தைத்தான் ஆள முடியும். பேருந்து ஒட்டன்சத்திரம் தாண்டியும் பாட்டு அறுபடாமல் வருகிறது என்றால், அது மலை செய்யும் வேலை.

மலையே தடையாவதும் உண்டு. சரிவின் மறுபக்கத்துப் பள்ளத்தில் இருக்கும் வீட்டில் கோபுரம் கிட்டத்தில் இருந்தும் இரைச்சல்தான் மிஞ்சும். தூரத்து ஊர்க்காரர்கள் இதற்கெல்லாம் கைவைத்தியம் பழகியவர்கள். 100.5-இன் அலைநீளம் 3 மீட்டரை ஒட்டியது. அதில் கால் பங்கு, முக்கால் மீட்டர். கம்பியை அந்த அளவுக்கு இழுத்து, ஜன்னலோரம் வைத்து, சாய்வை மெல்ல மாற்றிப் பார்ப்பார்கள். ஸ்டீரியோவில் சீறல் வந்தால் மோனோவுக்குத் தள்ளிவிடுவார்கள். சீறல் அடங்கிவிடும். ஸ்டீரியோவை அடையாளம் காட்டும் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் சிக்னலைப் பிடித்து இடம், வலம் பிரிப்பதற்கு மோனோவைவிடப் பல மடங்கு வலுவான சிக்னல் தேவை. இரண்டு காதும் நிறைய வேண்டும் என்று அடம்பிடிக்காமல் ஒற்றைத் தடத்தில் சுத்தமாகக் கேட்பதும் ஒரு ரசனைதான்.

இலங்கை வானொலியின் மத்திய அலையில் வளர்ந்தவர்கள் பண்பலையின் பெருமையை ஒப்ப மாட்டார்கள். அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் குரல் கடல் தாண்டி ஏறி இறங்கி வந்த சுகம் பண்பலையில் ஏது என்பார்கள். அந்த அறிவிப்பாளர்களின் தமிழுக்கு ஈடில்லை. அதில் வழக்கே கிடையாது. வழக்கு ஒலியில்தான். 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கியடித்த மத்திய அலையில் சலங்கையின் மேல்சுரங்கள் முக்கால்வாசி உதிர்ந்துவிடும். பண்பலை 15 கிலோஹெர்ட்ஸ் வரை கொண்டுவந்து தரும். இளையராஜாவின் பாட்டில் குரலுக்கு அடியில் தனி வழி போகும் பேஸ் கிடாரையும், சரணத்துக்கு முன்னால் ஒரு கணம் தொட்டுவிட்டுப் போகும் ஹை-ஹாட்டையும் பண்பலையில்தான் பலர் முதன்முதலாகக் கேட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் இடி இடித்தாலும் பாட்டில் கரகரப்பு ஏறாது. மின்னல் குலைப்பது அலையின் வீச்சை. செய்தி இருப்பதோ அதிர்வெண்ணின் அசைவில். வீச்சில் ஏறிய குப்பையை ரிசீவரின் லிமிட்டர் வெட்டி எறிந்துவிடும். பொறியாளர் ஆர்ம்ஸ்ட்ராங் 1933-இல் காப்புரிமை பெற்ற அந்த யோசனை இன்றும் தேய்ந்துவிடவில்லை.

தேய்ந்தது நிலையங்களின் நிதானம். அதிர்வெண் 75 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் விலகக் கூடாது என்பது எல்லா நிலையத்துக்கும் பொதுவான வரம்பு. அதற்குள்ளேயே அடுத்தவனைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்றால் ஒரே வழிதான்: மெல்லிய இடங்களைத் தூக்கி, உச்சங்களைச் சீவி, எல்லாவற்றையும் சமன் ஆக்குவது. 1975-இல் வந்த ஆப்டிமாட், வரம்பு மீறாமல் ஒலியைத் திருத்தமாக அனுப்ப உதவிய நல்ல கருவி. அந்த வகைக் கருவிகளைக் கடைசிப் புள்ளி வரை முறுக்கி வைப்பவர்களால்தான் மிருதங்கத்தின் இரண்டு சொல்லுக்கு நடுவில் இருக்க வேண்டிய மௌனம் காணாமல் போகிறது. போதாக்குறைக்கு, ஏற்கெனவே நசுக்கிய எம்பி3 கோப்பு. பல்லவி முடியுமுன் விளம்பரம். கார் இரைச்சலில் இதுதான் எடுபடும் என்று இந்த ஒலியை விரும்புகிறவர்கள் சொல்கிறார்கள். காருக்கு அது சரி. ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் கேட்பவருக்கு அது அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். வானொலி நிலையங்களில் இன்னும் அடக்கி வாசிப்பவை பெரும்பாலும் அரசு நிலையங்களே. அவற்றிலும் கோடையின் ஒலிக்குத்தான் முதல் இடம் தர வேண்டும்.

அதைக் கேட்கக் கையிலிருக்கும் போனே போதுமாக இருக்கலாம். செல்போனில் பண்பலை ரிசீவரை முடக்கி வைக்கக் கூடாது என்று 2023-இல் மத்திய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. உங்கள் போனில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வயர் உள்ள இயர்போனைச் செருகுங்கள். அந்த வயர்தான் ஆன்டெனா. இல்லாவிட்டால் கம்பி வைத்த சின்ன ரேடியோ ஒன்று வாங்கி, மலை தெரியும் பக்கத்து ஜன்னலில் வைத்து 100.5-ஐக் கேளுங்கள்.