அதிகாரத்துக்கு ஆமென் சொல்லலாமா?

2011 மே 7 அன்று வெளியான உத்துசான் மலேசியா நாளிதழின் முதல் பக்கம், கிறிஸ்தவம் இந்நாட்டின் அதிகாரபூர்வ மதமாகப் போகிறதா என்று கேட்டது. பினாங்கில் போதகர்களும் ஜனநாயக செயல் கட்சி (ஜசெக) அரசியல்வாதிகளும் கூடினார்களாம். மலேசியாவைக் கிறிஸ்தவ நாடாக்கவும் கிறிஸ்தவர் ஒருவரைப் பிரதமராக்கவும் உறுதி எடுத்துக்கொண்டார்களாம். வலைப்பதிவுகளில் வந்ததைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. சம்பந்தப்பட்டவர்கள் அடியோடு மறுத்தார்கள். அன்றைய பிரதமர் நஜிப் தேவாலயத் தலைவர்களை அழைத்துப் பேசினார். உள்துறை அமைச்சு நாளிதழுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு. அவர்களில் பெரும்பாலோர் சபா, சரவாக்கில் வாழும் பூர்வகுடியினர். தீபகற்பத்தில் தமிழ் பேசும் கிறிஸ்தவர்கள் ஒரு சிறு கூட்டம். ஞாயிறு காலை பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் பிடிக்க முடியாமல் சுற்றிச் சுற்றி வருகிறவர்கள் நாட்டைப் பிடிக்கப் போகிறார்கள் என்பது சிரித்துவிட்டுப் போக வேண்டிய செய்திதான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 3 அன்று, சிலாங்கூர் இஸ்லாமியச் சமய இலாகாவான ஜாய்ஸ், பெட்டாலிங் ஜெயாவில் டாமன்சாரா உத்தாமா மெதடிஸ்டு சபையின் வளாகத்தில் நடந்த விருந்துக்குள் புகுந்து சோதனை போட்டது. விருந்தில் முஸ்லிம்கள் சிலரும் இருந்தார்கள் என்பதே காரணம். அதை ஏற்பாடு செய்தது ஹராப்பான் கொம்யூனிட்டி என்ற சமூகநல அமைப்பு. அதன் நிறுவனர் போதகர் ரேமண்ட் கோ. அந்தப் பெயருக்குப் பிறகு வருகிறேன்.

உத்துசான் எழுதியது பொய். ஆனாலும், அந்தப் பொய்யைக் கட்டத் தேவையான செங்கல் நம் ஜெபக்கூட்டங்களிலேயே கிடைக்கும் என்பதை நாம் பேசியதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

கிள்ளானில் ஒரு கடைவீட்டு மேல்மாடிச் சபையை எடுத்துக்கொள்வோம். கீழே கார் டயர்க் கடை, மேலே பிளாஸ்டிக் நாற்காலிகள், டிரம் செட், புரொஜெக்டர். தேவாலயம் கட்ட நிலமும் அனுமதியும் கிடைப்பது அரிதென்பதால் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க இப்படிச் சபைகள் கடைவீடுகளில் நடக்கின்றன. ஷா ஆலாமில் கத்தோலிக்கர்கள் ஒரு கோயிலுக்காக இருபது ஆண்டுக்கும் மேல் அலைந்து, கடைசியில் 2005-ல் தொழிற்பேட்டைப் பகுதியில்தான் கட்ட முடிந்தது. நம் மேல்மாடிச் சபையில் தேர்தலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு ஜெபம் நடக்கிறது. திரையில் மலேசிய வரைபடம். மாமன்னருக்காக, பிரதமருக்காக, அமைச்சரவைக்காக, போதையில் விழுந்த இளைஞர்களுக்காக, விலைவாசிக்காக ஜெபிக்கிறார்கள். கூட்டம் சூடேறியதும் குரல் மாறுகிறது. கோட்டைகள் தகர வேண்டும், தேசத்தைச் சுதந்தரிக்க வேண்டும், நீதிமான் ஆட்சிக்கு வர வேண்டும். கைகள் வரைபடத்தை நோக்கி நீள்கின்றன.

இதை எடுத்த எடுப்பில் பழிக்க எனக்கு மனமில்லை. தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்த ஒரு குடும்பத்துக்கு இந்த நாட்டை ‘என் நாடு’ என்று வாய்விட்டுச் சொல்ல வேறு எத்தனை இடங்கள் உண்டு? அரசு விழாக்களில் அவர்களுக்குக் கைதட்டும் வேலை மட்டும்தான். மேல்மாடியிலோ லாரி ஓட்டுபவரும் துப்புரவு வேலை செய்யும் அம்மாவும் அமைச்சர்களின் பெயரைச் சொல்லி அவர்களுக்காக அழுகிறார்கள். தங்களை வந்தேறிகள் என்று ஏசிய தலைவருக்காகவும் ஜெபிக்கிறார்கள். தேசிய சுவிசேஷக் கிறிஸ்தவ ஐக்கியம் ஆண்டுதோறும் சுதந்திர தினத்தையொட்டி நடத்திவரும் 40 நாள் உபவாச ஜெபத்தின் நோக்கமும் இதுதான். 2008 தேர்தலுக்குப் பிறகு பல சபைகளில் ஆராதனை முடிந்ததும் வாக்காளர் பதிவு மேசை போட்டார்கள். ஜெபம் அங்கே குடிமைப் பயிற்சியாக இறங்கியது. கோயிலில் கும்பிட்டுவிட்டு வீட்டில் முடங்கிக்கொள்ளும் பக்தியைவிட இது மேலானது.

குறை எங்கே தொடங்குகிறது? தேர்தல் முடிவைக் கடவுளின் கையெழுத்தாகப் படிக்கும்போது. 2018 மே 9 அன்று பாரிசான் நேசனல் வீழ்ந்தபோது, அது ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று பல பிரசங்க மேடைகளில் சாட்சி சொன்னார்கள். சுமார் 22 மாதம் கழித்து, 2020 பிப்ரவரி 23 அன்று பெட்டாலிங் ஜெயாவின் ஷெரட்டன் ஓட்டலில் சில அரசியல்வாதிகள் கூடிச் சாப்பிட்டார்கள்; மறுநாள், 2018-ல் வந்த புதிய ஆட்சி சரிந்தது. அப்போது கர்த்தர் மனம் மாறிவிட்டாரா, அல்லது ஷெரட்டன் ஓட்டலில் அவருக்கு இடம் ஒதுக்கவில்லையா? சாட்சி சொன்ன மேடைகளில் இதற்கு விளக்கம் வந்ததாக நான் கேட்டதில்லை. வெற்றியை மட்டும் கடவுள் கணக்கில் எழுதுகிறவர்கள், தோற்ற கட்சிக்கு வாக்களித்த சகவிசுவாசியைக் கடவுளுக்கு எதிராளி ஆக்குகிறார்கள். அந்த ஆள் அடுத்த ஞாயிறும் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார்.

இன்னொரு குறை கைப்பேசி வழியாக வருகிறது. அமெரிக்காவிலிருந்து வரும் தீர்க்கதரிசனக் காணொளிகள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன: அங்கே கிறிஸ்தவர்கள் ஆட்சியைப் பிடித்துவிட்டார்கள், தேசம் கடவுளிடம் திரும்புகிறது. கீழே வரிசையாக ஆமென். 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தைத் தாக்கிய கூட்டத்தில் சிலுவையும் இயேசுவின் பெயர் பொறித்த பதாகையும் இருந்தன. 2024-ல் டொனால்டு டிரம்ப், அமெரிக்க அரசியலமைப்பையும் ஒரே அட்டைக்குள் சேர்த்துத் தைத்த ஒரு பைபிளை 59.99 டாலருக்கு வாங்கும்படி மக்களிடம் சிபாரிசு செய்தார். கிள்ளானில் இருந்துகொண்டு அதற்கு ஆமென் போடுகிறவர், தன் ஊர்த் துறைமுகத்தில் நடந்ததை மறந்துவிட்டார்.

2009 மார்ச்சில் கிள்ளான் துறைமுகத்தில் மலாய் மொழி பைபிள்கள் 5,100 தடுத்து வைக்கப்பட்டன. பின்னர் கூச்சிங்கில் இன்னும் 30,000. 2011 ஏப்ரலில் சரவாக் மாநிலத் தேர்தல். கிறிஸ்தவ வாக்குகள் எண்ணப்படும் மாநிலம் அது. திடீரென்று கூட்டரசு இறங்கிவந்தது. கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்ற வாசகத்தையும் உள்துறை அமைச்சின் முத்திரையையும் பைபிள்கள்மேல் குத்தி விடுவிக்க முன்வந்தார்கள். வேதாகமத்தின்மேல் அமைச்சின் ரப்பர் ஸ்டாம்ப்! சபைகள் கொதித்தெழுந்தன. வாக்களிப்புக்கு இரண்டு வாரம் இருக்கையில் பைபிள்கள் தொடர்பாக ‘10 அம்சத் தீர்வு’ என்ற ஒன்றை அரசு அறிவித்தது.

அங்கே ஓர் அரசியல்வாதி வேதத்தோடு அரசியலமைப்பைத் தைத்து விற்கிறார். இங்கே ஓர் அமைச்சு வேதத்தின்மேல் முத்திரை குத்துகிறது. அங்கே அது வெற்றி, இங்கே அவமானம் என்றால், நமக்கு வலித்தது வேதத்தின் மானமா, குத்தியவன் நம் ஆள் இல்லை என்பதா? சிறுபான்மையாக இருக்கும் ஊரில் மதச்சார்பின்மையும் பெரும்பான்மையாக இருக்கும் ஊரில் மத ஆட்சியும் கேட்பது கொள்கை ஆகாது. தீபாவளிக்குச் சில நாள் முன்னால், 2007 அக்டோபர் 30 அன்று பாடாங் ஜாவா மாரியம்மன் கோயில் இடிபட்டபோது கொதித்த தமிழ் இந்துக்களில், இந்தியாவில் பிறர் வழிபாட்டிடம் இடிபடும்போது கைதட்டுகிறவர்களும் உண்டு. நோய் ஒன்றுதான்.

10 அம்சத் தீர்வு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்சியாளரின் தயவை நம்புகிறவர்களுக்கான பாடம் அதில்தான் இருக்கிறது. அது அமைச்சரவையின் வாக்குறுதி, சட்டம் இல்லை. 2014 ஜனவரி 2 அன்று ஜாய்ஸ் அதிகாரிகள் மாநிலச் சட்டமொன்றைக் கையில் வைத்துக்கொண்டு மலேசிய பைபிள் சங்கத்துக்குள் நுழைந்து, மலாய், இபான் மொழிப் பிரதிகள் 321-ஐ அள்ளிச் சென்றார்கள். பிரதமரின் வாக்குறுதி வாசல்படியைக்கூடக் காக்கவில்லை. 2015 ஏப்ரலில் தாமான் மேடானில் ஒரு கடைவீட்டுச் சபையின் முகப்பில் சிலுவை இருக்கக்கூடாது என்று சுமார் ஐம்பது பேர் கூச்சலிட்டார்கள். சிலுவைக்குத் தனி அனுமதி தேவையில்லை என்று மாநில அரசு பின்னால் சொன்னது. சபை அதற்குள் சிலுவையை இறக்கிவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் நாம் ‘ஒய்பி’ எனப்படும் மக்கள் பிரதிநிதிகளை விடுவதில்லை. தேர்தல் நெருங்கினால் கூரை பழுதுபார்க்க, ஏர்கோன் மாற்ற மானியம். அட்டையில் அச்சிட்ட ஆளுயர மாதிரிக் காசோலையை ஒரு முனையில் சட்டமன்ற உறுப்பினரும் மறுமுனையில் போதகரும் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் முகநூலில் ஏறும். கோயில், குருத்துவாரா, சீனக் கோயில் எல்லாவற்றுக்கும் இதே படம்தான். பின்னணித் திரை மட்டும் மாறும். அந்தப் பணம் வரிப்பணம். அதைப் பெறுவது குற்றமில்லை. மசூதிகளுக்கு அரசு செலவிடும்போது மற்றவர்களுக்கும் பங்கு கேட்பது நியாயமும்கூட. ஆனால் அது உரிமையாக வருவதில்லை. ஒருவர் கையிலிருந்து, ஒரு நிகழ்ச்சியில், நன்றியுரையோடு வருகிறது. அதே சட்டமன்ற உறுப்பினர் அடுத்த மாதம் ஒரு கோயில் இடமாற்ற விவகாரத்தில் நழுவும்போது, அட்டையின் மறுமுனையைப் பிடித்தவர் என்ன பேசுவார்? மலேசிய இந்திய காங்கிரஸ் (மஇகா) இடம்பெற்ற ஆட்சியில் கோயில் நிர்வாகங்கள் எப்படி வாயடைத்துப் போயின என்பதைப் பார்த்து அரை நூற்றாண்டு உச்சுக்கொட்டியவர்கள் நாம்.

நீதிமன்ற வழி மெதுவானது. சில நேரம் தோல்வியிலும் முடிகிறது. கத்தோலிக்க வார இதழான ஹெரால்டு, இறைவனுக்கு ‘அல்லாஹ்’ என்ற பெயரைப் பயன்படுத்தத் தொடுத்த வழக்கில் 2009 டிசம்பர் 31 அன்று உயர் நீதிமன்றத்தில் வென்றது. அடுத்த சில நாளில் தேசா மெலாவாத்தியில் ஒரு தேவாலயத்துக்குத் தீ வைத்தார்கள். 2013-ல் மேல்முறையீட்டில் தோல்வி. 2014 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் கதவை மூடியது. ஆனால் ஜில் அயர்லண்ட் என்ற சரவாக் பெண், 2008-ல் சிப்பாங் விமான முனையத்தில் தன்னிடமிருந்து பறித்த எட்டு கிறிஸ்தவக் குறுந்தட்டுகளுக்காகத் தனியாளாய் வழக்காடினார். பதின்மூன்று ஆண்டு கழித்து 2021 மார்ச் 10 அன்று வென்றார். அரசு தன் மேல்முறையீட்டை 2023-ல் கைவிட்டது. அவர் யாருடைய காசோலையையும் பிடிக்கவில்லை; எந்தத் தேசத்தையும் சுதந்தரிக்கவில்லை. ஒரு குடிமகள் அரசியலமைப்பின் சமய சுதந்திரம் பற்றிய 11-ஆம் பிரிவைக் காட்டி எனக்குரியதைத் தா என்று கேட்டார். அந்த ஒரு தீர்ப்பு 10 அம்சங்களைவிடக் கனமானது.

இதே காரணத்துக்காக 1983-ல் தொடங்கிய பௌத்த, கிறிஸ்தவ, இந்து, சீக்கியக் கூட்டு ஆலோசனை மன்றத்தையும் நான் உயர்வாக மதிக்கிறேன். பின்னாளில் தாவோ சமயத்தாரும் சேர்ந்தார்கள். அதன் அறிக்கைகள் சலிப்பூட்டுபவை, உண்மை. ஆனால் அங்கே ஒரு மதம் தனக்காக மட்டும் பேச முடியாது. மேல்மாடி ஜெபத்தில் தகர வேண்டிய கோட்டைகளின் பட்டியலில் பக்கத்துத் தெரு மாரியம்மன் கோயிலையும் சேர்க்கும் போதகர், அந்த மேசையில் கோயில் நிர்வாகியின் அருகே உட்கார்ந்தால் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவார். தமிழ்க் கிறிஸ்தவர்களின் பெரிய பலவீனம் இதுதான் என்று நினைக்கிறேன். அரசிடம் சகிப்பைக் கேட்கிறோம், ரத்த உறவான இந்துக்களிடம் வெற்றியைக் கேட்கிறோம்.

போதகர் ரேமண்ட் கோவுக்கு வருகிறேன். 2017 பிப்ரவரி 13 அன்று பெட்டாலிங் ஜெயாவில் பட்டப்பகலில், வாகனங்களால் வழிமறித்து அவரைக் கடத்திச் சென்றார்கள். கண்காணிப்புக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. 2019 ஏப்ரலில் மனித உரிமை ஆணையமான சுஹாகாம், இது காவல்துறையின் சிறப்புப் பிரிவு செய்த வலுக்கட்டாயக் கடத்தல் என்று முடிவு சொன்னது. 2025 நவம்பர் 5 அன்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றமும் அரசையும் காவல்துறையையும் பொறுப்பாக்கியது. அவர் எங்கே என்பதற்கு மட்டும் பதில் இல்லை. சுஹாகாம் அதே விசாரணை வரிசையில் அம்ரி சே மாட் என்பவரின் கடத்தலையும் ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தது. அவர் ஷியா கருத்துகளைப் பரப்பியதாகச் சந்தேகிக்கப்பட்ட முஸ்லிம். மதத்தைக் காப்பதாகச் சொல்லும் அதிகாரம், முஸ்லிம் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. ‘நம் மதம் ஆட்சியில் இருந்தால் நாம் பத்திரம்’ என்று நம்புகிறவர்கள் அம்ரியின் மனைவியிடம் கேட்டுப் பார்க்கலாம்.

ஆகவே, தேசத்துக்காக ஜெபிக்கும் வழக்கத்தைக் கைவிடச் சொல்ல மாட்டேன். வரைபடத்தை நோக்கிக் கை நீட்டிச் சொந்தம் கொண்டாடுவதை விட்டுவிடலாம்; தேர்தல் முடிவைச் சாட்சியாக்குவதையும், காசோலைப் படத்தையும் சேர்த்தே விடலாம். அடுத்த தேர்தலுக்கு உங்கள் சபையில் ஜெபக் குறிப்புத் தாள் தயாராகும்போது, ரேமண்ட் கோ பெயருக்குக் கீழே அம்ரி சே மாட் பெயரை எழுதச் சொல்லுங்கள். அதற்கும் கீழே, 2018-ல் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்கை வென்றும், 2009-ல் பதினொரு மாதக் குழந்தையாக, மதம் மாறிய தந்தையால் எடுத்துச் செல்லப்பட்ட மகளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஈப்போ இந்துத் தாய் இந்திரா காந்தியின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.