சிங்கப்பூரின் சிங்கமும் வெடிவைத்த கல்லும்

சிங்கப்பூர் போய்விட்டு மெர்லயன் முன்னால் படம் எடுக்காமல் திரும்பியவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. நானும் எடுத்திருக்கிறேன். சிங்கம் துப்பும் தண்ணீரை வாயில் பிடிக்கிற அந்த அசட்டு போஸ் உட்பட. இந்த முறை போனபோது பக்கத்தில் நின்ற நம்மூர்ப் பெரியவர் ஒருவர் பேத்தியிடம், "இது இந்த ஊரோட பழைய காலத்துக் காவல் தெய்வம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். திருத்தலாமா என்று யோசித்தேன், சும்மா இருந்துவிட்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தக் காவல் தெய்வத்துக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயது அதிகம். 1964ல் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு ஒரு லோகோ தேவைப்பட்டது. வான் கிளீஃப் என்ற மீன் காட்சியகத்தில் பொறுப்பாளராக இருந்த ஃபிரேசர் புரூனர் வரைந்து கொடுத்தார். சிங்கபுரம் என்ற பெயருக்குச் சிங்கத் தலை, அதற்கு முந்தைய பெயரான துமாசிக்கின் கடலுக்கு மீன் உடம்பு. லிம் நாங் செங் என்ற சிற்பி அதைச் சிலையாகச் செய்தார். 8.6 மீட்டர் உயரம், 70 டன் எடை. 1972 செப்டம்பரில் லீ குவான் யூ திறந்து வைத்தார்.

அப்போது அது ஆற்று முகத்துவாரத்தில் கடலைப் பார்த்து நின்றது. 1997ல் எதிரே எஸ்பிளனேடு பாலம் வந்து பார்வையை மறைக்கவே, 2002ல் சிலையையே 120 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். 2008ல் மரினா அணை கட்டப்பட்ட பிறகு அந்த விரிகுடாவே நன்னீர்த் தேக்கம் ஆகிவிட்டது. ஆக, கடலின் அடையாளமான மீன் இப்போது குடிதண்ணீர் ஏரியில் நிற்கிறது. செந்தோசா தீவில் நின்ற 37 மீட்டர் மெர்லயனின் கதை இன்னும் சுருக்கம். 2019ல் இடம் வேண்டும் என்றார்கள், மூடி இடித்துவிட்டார்கள்.

இதை வைத்து "எல்லாம் போலி, செயற்கை ஊர்" என்று எழுதுவது சுலபம். நம் பயணக் கட்டுரைகளில் பாதி அப்படித்தான் முடியும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மெர்லயன் எதையும் மறைக்கவில்லை. யார் வரைந்தார், எந்த வருடம், எதற்காக என்று எல்லாம் வெளிப்படையாகப் பதிவாகியிருக்கிறது. எத்தனை பழைய கோயில்களைப் பற்றி நம்மால் இப்படிச் சொல்ல முடியும்? பழமையை அதன் மேல் ஏற்றுவது பார்க்கப் போகிற நாம்தான்.

என் குறை வேறு. அந்த ஊருக்கு உண்மையிலேயே பழைய அடையாளம் ஒன்று இருந்தது. அதுவும் மெர்லயன் முதலில் நின்ற அதே முகத்துவாரத்தில்.

1819ல் ஆங்கிலேயர் வந்த சமயம், இன்று ஃபுல்லர்டன் ஹோட்டல் இருக்கும் முனையில் காடு வெட்டும்போது ஒரு பெரும்பாறை கண்ணில் பட்டது. ஏறக்குறைய 3 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். முகப்பில் சுமார் 50 வரி எழுத்து. யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. அதை நேரில் பார்த்தவர்களில் ஒருவர் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா. தமிழ் முன்னோர்களும் உள்ளவர், சிறுவயதில் தமிழ் படித்தவர். அதைப் பற்றித் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1843ல் அந்த முனையில் இராணுவக் கட்டுமானத்துக்கு இடம் தேவைப்பட்டது. பாறைக்கு வெடி வைத்துவிட்டார்கள். ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி சில துண்டுகளைக் காப்பாற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அதில் ஒன்று திரும்பி வந்து, இப்போது தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

என் தொழில் பாஷையில் சொன்னால், பேக்கப் சரியாக எடுக்காமல் ஒரிஜினலை டெலீட் செய்துவிட்டார்கள். பேக்கப் சுத்தமாக இல்லை என்றும் சொல்ல முடியாது. வில்லியம் பிளாண்ட் கையால் எடுத்த நகலை ஜேம்ஸ் பிரின்செப் 1837ல் கல்கத்தாவின் ஆசியவியல் சங்க இதழில் அச்சிட்டார். ஆனால் கல்லில் எழுத்து அப்போதே தேய்ந்துபோயிருந்தது. படிக்கத் தெரியாத எழுத்தைப் படியெடுத்தால் எங்கே கோடு முடிகிறது, எங்கே கல்லின் விரிசல் தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்? எழுத்து பழைய ஜாவாவின் கவி வகை என்பது பலரின் கருத்து. காலம் 10 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை எங்கும் இருக்கலாம்.

இனி நம் கதை. 2019ல் இயன் சின்க்ளேர் என்ற ஆய்வாளர் அதில் 'கேசரிவ' என்ற எழுத்துத்தொடரை அடையாளம் கண்டார். அது 'பரகேசரிவர்மன்' என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்று முன்வைத்தார். இராஜேந்திர சோழனும் ஒரு பரகேசரி. 1025ல் ஸ்ரீவிஜயத்தின் மேல் படையெடுத்தவன். அவ்வளவுதான், வாட்ஸ்அப்பில் "சிங்கப்பூரில் சோழன் கல்வெட்டு கண்டுபிடிப்பு!" என்று ஓட ஆரம்பித்துவிட்டது.

ஓட விட்டவர்களில் நானும் ஒருவன். 2020ல் இதே வலைப்பதிவில் ஏறக்குறைய அதே தலைப்பில் எழுதினேன். 'இருக்கலாம்' என்று அவர் சொன்னதை 'இருக்கிறது' ஆக்கினேன். அந்தப் பதிவைத்தான் இங்கே அதிகம் பேர் படித்திருக்கிறார்கள் என்பது இப்போது உறுத்துகிறது.

நிதானமாகப் பார்ப்போம். கேசரி என்றால் நமக்கு ரவா கேசரி ஞாபகம் வரும். சமஸ்கிருதத்தில் அதற்குப் பொருள் சிங்கம். சோழர்களே பரகேசரி, இராஜகேசரி என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். சிங்கத்தைப் பெயரில் வைத்துக்கொள்ள வேறு அரசர்களுக்குத் தடை ஏதும் இல்லை. முன்னும் பின்னும் எழுத்து இல்லாத நிலையில், அது சோழனாகவும் இருக்கலாம், வேறொருவராகவும் இருக்கலாம். சின்க்ளேரின் ஊகம் மதிக்கத்தக்கது, ஆனால் அது ஊகம். 50 வரியில் ஒரு சொல்லின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு கல் முழுவதையும் தமிழுக்குப் பட்டா போட்டது என் தவறு.

அந்தப் பெரியவரை நான் திருத்தாததற்கு இதுதான் காரணம். அவர் லோகோவைத் தெய்வமாக்கினார். நான் ஊகத்தைக் கல்வெட்டாக்கினேன். அவருக்காவது ஒரு பேத்திதான் வாசகர்.

ஒரு சுற்றுலா இடம் நல்லதா என்று இப்போதெல்லாம் அதன் வயதை வைத்து நான் பார்ப்பதில்லை. போய் வந்த பிறகு மனதில் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். மெர்லயன் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. படம் எடுத்ததும் வேலை முடிந்தது. அருங்காட்சியகத்தில் இருக்கும் கல் துண்டோ படத்தில் சரியாக விழக்கூட மாட்டேன் என்கிறது. நான் போன அன்று அதன் முன்னால் பத்து நிமிடம் தனியாக நின்றேன், யாரும் 'நகருங்க' என்று சொல்லவில்லை.

அடுத்த முறை போகிறவர்கள் மெர்லயனைத் தவறாமல் பாருங்கள். அப்படியே திரும்பி ஃபுல்லர்டன் ஹோட்டலையும் ஒரு நிமிடம் பாருங்கள், பாறை இருந்த முனை அதுதான். பிறகு அருங்காட்சியகம் போங்கள். 2020 பதிவை நான் நீக்கவில்லை. தலைப்பில் ஒரு கேள்விக்குறி சேர்த்து, மேலே இந்தப் பதிவுக்குச் சுட்டி கொடுத்திருக்கிறேன்.